சீராக வந்த திராட்சைக் கொடி

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாத்திரங்களின் மேல்தான். அதுவும் மற்றவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயர்கள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்காதவன் இப்படிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலை கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது என் வேலை. கல்யாணத்துக்குக் குடமோ தாம்பாளமோ வாங்குகிறவர்கள் பெயரையும் தேதியையும் சொன்னால் உளியால் தட்டித் தட்டிப் பொறித்துத் தருவேன். நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே செய்கிற வேலை. என் சுபாவத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி.

1989ஆம் வருடம் தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவியின் ஊர் செங்கம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பின்புறம் ஒரு திராட்சைப் பந்தல் உண்டு. கொள்ளுத் தாத்தா யாரோ ஆற்காட்டு நவாபு தோட்டத்தில் வேலை பார்த்தாராம், அங்கிருந்து வந்த கொடியாம், உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். என் மாமியார் இதை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர்த் தட்டுகளோடு அந்தக் கொடியில் வெட்டிய மூன்று போத்துகளை, அதாவது நட்டால் துளிர்க்கக்கூடிய குச்சிகளை, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுப்பார்கள். அதை மாப்பிள்ளைதான் தன் கையால் நட வேண்டும். யாரும் கூட நின்று உதவக் கூடாது. துளிர்த்தால் கைராசிக்காரர். துளிர்க்காவிட்டால் என்னவென்று யாரும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. காய்க்க ஆரம்பித்ததும் வருடா வருடம் முதல் கொத்து தாய் வீட்டுக்குப் போக வேண்டும்.

மனைவியின் அக்காவை வேங்கிக்காலில் கொடுத்திருந்தார்கள். அவள் கணவர், என் சகலை, அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பியூன். அவர் நட்ட கொடி அதற்குள் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டிருந்தது. கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா சகல, பாத்திரத்துல பேர் வெட்றது ஈஸி. தப்பாப் போனாலும் பாத்திரம் சாவாது. இது உயிரு."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்தேன். ஒவ்வொரு போத்தும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் மட்டும் சாணியை உருண்டையாக அப்பியிருந்தார்கள். நான் யோசித்தேன். சாணி என்றால் எரு. எரு மண்ணுக்குள்தானே இருக்க வேண்டும்? யாரையும் கேட்கக் கூடாது என்பது வழக்கம். யாரையும் கேட்காமல் இருப்பது என் சுபாவமும்கூட. சாணி அப்பிய முனை மண்ணுக்குள் போகும்படி மூன்றையும் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வெட்டிய வாய் வெயிலில் காயாமல் இருக்க மேல்முனைக்குத்தான் சாணி அப்புவார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மூன்று குச்சிகளும் எங்கள் வீட்டுப் பின்னால் சிரசாசனம் செய்துகொண்டு நின்றன.

மனைவி தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் கண்ணு விடலீங்க" என்பாள். ஒரு மாதம் கழித்து அவள் பார்க்காதபோது நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த விறகு நிறம். மூன்றும் அப்படியே.

பங்குனியில் அவள் பத்து நாள் தாய் வீட்டுக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மாமியார் வீட்டுக்கே போய் வேறு போத்து கேட்டிருக்கலாம். புது மாப்பிள்ளை எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அதிலும் விஷயம் மறுநாளே வேங்கிக்காலுக்குப் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் மத்தியானம் சாப்பிடுகிற லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் பின்சுவரில், கை கழுவுகிற இடத்துத் தண்ணீர் ஓடும் மூலையில், ஒரு திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. இலை மாமியார் வீட்டு இலை மாதிரியே எனக்குத் தோன்றியது. சர்வரிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"அதுவாண்ணா? யாரோ துன்னுட்டு துப்புன கொட்ட. தானா மொளச்சுது. அறுத்துப் போட்டாலும் வருது. எதுக்கு, பூஜைக்கா?"

நான் தலையை ஆட்டினேன். என்ன பூஜை என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. ஒரு கிளை தரையில் கிடந்து தானாகவே வேர் விட்டிருந்தது. அதை மண்ணோடு பெயர்த்து, டிபன் கேரியர் பையில் வைத்து எடுத்து வந்தேன். காய்ந்த குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, பழைய இலைகளைக் கிள்ளி அந்தக் குழியிலேயே இதை நட்டேன். இந்தத் தடவை எது மேலே எது கீழே என்ற குழப்பமே இல்லை. வேர் இருந்தது.

மனைவி திரும்பி வந்தபோது இரண்டு புது இலைகள் விட்டிருந்தன. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடி வந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரருக்குக் கைராசிங்க!" என்று மனைவி அவரிடம் சொன்னாள். உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து முதல் கொத்து வந்தது. மாமியார் வீட்டுத் திராட்சை நல்ல கருப்பு. எங்களுடையது பழுத்த பிறகும் சிவப்பாகவே நின்றது. வழக்கப்படி அதை எடுத்துக்கொண்டு போனோம். சகலை வந்திருந்தார். மாமியார் கொத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, செவந்து கீது?"

மனைவிதான் சட்டென்று சொன்னாள்.

"அண்ணாமல மண்ணும்மா. நெருப்பு மலையாச்சே, செவக்காம இன்னா பண்ணும்?"

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பழத்தை வாயில் போட்டு, "வாசன நம்ம வாசனதான். புளிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். சகலையும் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். சாமி பெயரைச் சொன்ன பிறகு என்ன பேசுவார்?

அதற்குப் பிறகு காய்ப்புக் காலத்தில் பௌர்ணமி வந்தால் மனைவி கூடையோடு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். "மலை மண்ணுல வெளஞ்ச செவப்புத் திராட்சைங்க!" கிரிவலம் போகிறவர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அக்காவும் தங்கையும் சந்திக்கும்போதெல்லாம் யார் வீட்டுக் கொடி நன்றாகக் காய்க்கிறது என்று சண்டை வரும். "எங்க வீட்டுக்காரரு கைய வெச்சாருன்னா..." என்று மனைவி ஆரம்பிப்பாள். எனக்கு உடனே கடையில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும்.

இப்படியே பதினாலு வருடம் ஓடியது. 2003 ஆடி மாதத்தில், பௌர்ணமியன்று எங்களிடம் பழம் வாங்கிய ஒரு அம்மா ஐந்தாறு நாள் கழித்து ஒரு ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். விவசாயக் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கிற பழைய திராட்சைக் கொடிகளையெல்லாம் தேடி, எது எதற்குச் சொந்தம் என்று இலையை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாம். கொடிகளுக்குப் பூர்வீகம் பார்க்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

"இதுக்கு நோய் வந்துருக்குதுங்க" என்றேன். நானாகப் போய் அந்நியரிடம் பேசியது எனக்கே ஆச்சரியம்.

"நோயா? அப்ப கண்டிப்பா எடுக்கணும்" என்று அவர் துளிர் இலைகளாகப் பார்த்துக் கிள்ளிப் பெட்டியில் போட்டார்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. நவாபு தோட்டத்துக் கதையைச் சொன்னாள். தாய் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் வழி சொல்லி, அங்கேயும் போய் இலை எடுக்கச் சொன்னாள். "மூணும் ஒரே கொடிதாங்க மேடம். அம்மா வீட்ல இருக்கறது தாயி, இது ரெண்டும் பொண்ணுங்க."

ஆசிரியை சிரித்தார். "போத்துல வந்தா பொண்ணு இல்லம்மா. அந்த அம்மாவேதான். நூறு வருஷம் ஆனாலும், நூறு ஊருக்குப் போனாலும் அதே ஒடம்புதான். விதையில மொளச்சாத்தான் பிள்ளை. அதுக்குத்தான் அம்மான்னு ஒண்ணு, அப்பான்னு ஒண்ணு இருக்கும். நம்மள மாதிரி."

"அப்ப இதுவும் எங்கம்மா வீட்டுக் கொடியும் ஒண்ணான்னு எலைய வெச்சே சொல்லிடுவீங்களா?"

"சந்தேகமே இல்லாம சொல்லிடலாம்."

"எழுத்துல குடுங்க மேடம். எங்கக்காகிட்ட காட்டணும்."

நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். வெளியே மனைவி, முடிவு எதுவானாலும் கடை விலாசத்துக்கே அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கேதான் தபால் ஒழுங்காக வருமாம்.

அதன் பிறகு தபால்காரர் வருகிற பதினொரு மணி என்றால் என் பார்வை தெருவுக்குப் போய்விடும். ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் பெயரைப் பெண் வீட்டுக் குடத்தில் வெட்டிவிட்டேன். "இன்னாப்பா, கண்ணு எங்க கீது?" என்று முதலாளி கேட்டார். ஒரு நாள் அந்த லாட்ஜுப் பக்கம் போய்ப் பார்த்தேன். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். பின்சுவர் இருந்த இடத்தில் ஆட்டோக்கள் நின்றன. கொடி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

போகிக்கு இரண்டு நாள் முன்பு கடிதம் வந்தது. ஒரே ஒரு தாள், தமிழில் தட்டச்சு செய்தது. மனைவியின் தாய் வீட்டுக் கொடியும் வேங்கிக்கால் கொடியும் ஒன்றே. இரண்டும் கம்பம் பக்கம் ஏராளமாக விளைகிற பன்னீர் திராட்சைதான் என்று எழுதியிருந்தது. அடி அண்ணாமலைக் கொடி அவற்றின் போத்து அல்ல, விதையில் முளைத்தது. அதன் பெற்றோரில் ஒன்று பன்னீர். மற்றொன்று எதுவென்று தெரியவில்லை; தங்களிடம் உள்ள எந்த வகையோடும் பொருந்தவில்லை. இப்படி ஒரு கொடியைத் தாங்கள் வேறெங்கும் பார்க்கவில்லை என்பதால், காப்பாற்றி வளர்க்கப் பன்னிரண்டு போத்துகள் தர முடியுமா? கொடிக்குப் பெயர் ஏதாவது உண்டா?

கடிதம் இரண்டு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. பதில் போடாவிட்டால் அவர்கள் விட்டுவிடுவார்கள். மனைவியிடம் "ஒண்ணும் வரல" என்று சொன்னால் போதும். அவளுடைய கைராசிக்காரர் அப்படியே இருப்பார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

போகியன்று விடிகிற நேரத்தில் வாசலில் பழைய பாய், துடைப்பம், கிழிந்த கூடை எல்லாவற்றையும் போட்டுக் கொளுத்தினோம். நெருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் கடிதத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"இன்னாங்க கையில காயிதம்? பழசுன்னா போடுங்க" என்றாள் மனைவி.

அவளே போடச் சொல்கிறாள். கையை நீட்டினால் போதும்.

"இது பழசு இல்ல" என்றேன்.

"அப்ப பாக்கெட்ல வைங்க, பொறி பட்டுடப் போவுது."

அவள் அப்படி அக்கறையாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை அவளிடம் நீட்டினேன். நெருப்பு வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தாள்.

"நம்மளது போத்து இல்லியாம். தப்பா எழுதிட்டாங்க பாருங்க."

"தப்பில்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் அவளிடம் நான் அவ்வளவு பேசியதில்லை.

அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"தலகீழாவா நட்ட?"

என்னை அவள் முதல் முதலாக 'நீ' என்றது அன்றுதான்.

"ஆமா."

"மூணுமா?"

"மூணும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்ல? பதினஞ்சு வருஷம் எங்கக்காகிட்ட சண்ட போட வெச்சுட்டியே!" கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொங்கல் பொங்கியது. எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். எங்கள் ஊர்க் கோயிலில் அன்றைக்குத் திருவூடல். சாமியோடு கோபித்துக்கொண்டு அம்மன் தனியாகக் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சாமி தனியாக மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். பக்கத்து வீட்டுக்காரம்மா வேலி மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னாங்க, சண்ட கோயில்ல மட்டும்தான்னு நெனச்சேன், உங்க வீட்லயுமா? நீங்களும் மலையச் சுத்திட்டு வாங்க, சரியாப் போயிடும்" என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் சிரிக்கிற மனைவி முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் மாமியாரும் அக்காவும் சகலையும் சாப்பிட வந்தார்கள். வருடா வருடம் வருவதுதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மனைவி அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே படிங்க."

மரியாதை திரும்பியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இடது கையால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் மீதியையும் சொல்லிவிட்டேன்: சாணி, தலைகீழ், லாட்ஜ், டிபன் கேரியர் பை.

சகலைக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "சகல, எருவுன்னா நெனச்ச! ஐயோ, எருவுன்னு நெனச்சுக்கினாரு!" அக்கா அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

மாமியார் காதில் இதெல்லாம் விழவே இல்லை. அவர் ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டார். "எங்க கொடி கடையில விக்கிற பன்னீரா? நவாபு தோட்டத்துக் கொடி?" கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்தார். "அப்டின்னா அந்தக் கம்பத்துக்காரங்களுக்கு எங்க வீட்லேர்ந்துதான் போயிருக்கணும்."

சகலை மறுபடியும் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

மனைவி கடிதத்தை வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தாள். அந்த இரண்டு நாளும் அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும்.

"யம்மா, பன்னீருன்னா நம்ம கொடிதான?"

"நம்ம கொடிதான்."

"போத்துல போனதெல்லாம் ஒரே ஒடம்புன்னு மேடம் சொன்னாங்க. எந்த ஊர்ல இருந்தாலும் அதேதான். அப்ப லாட்ஜுல மொளச்சுதே, அதுக்குத் தாயி யாரு?"

மாமியார் யோசித்தார். "நம்மளுதுதான்."

"அதான். நம்ம வீட்டுப் பொண்ணு வழி தப்பி லாட்ஜுல போய் நின்னுக்கினு இருந்துச்சு. இவரு கூட்டினு வந்துட்டாரு."

"அப்பன் யாரு?" என்றார் சகலை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அது மேடத்துக்கே தெரியலியாம் மாமா. உங்களுக்கு இன்னா, ஜாதகம் பொருத்தம் பாக்கணுமா?"

பெற்றோரில் ஒன்று பன்னீர் என்றுதான் கடிதத்தில் இருந்தது. அது தாயா தகப்பனா என்று இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பேசியதே எனக்கு அதிகம்.

தங்கை மோர் ஊற்றும்போது அக்கா மெதுவாக அவளிடம் கேட்டாள். "எனக்கும் இதுல ஒரு போத்து குடுடி. எங்கும் இல்லாததாமே."

பதினைந்து வருடச் சண்டையில் அக்கா இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் கோபம் அதில் எங்கே போனது என்று தெரியவில்லை.

"தாராளமா எடுத்துனு போக்கா. ஆனா நடறதுக்கு இவரக் கூப்பிடாத" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள், நான் கேட்காமலே.

மறுநாள் கல்லூரிக்கு ஒரு இன்லேண்டு கடிதம் எழுதினேன். வந்து போத்து வெட்டிக்கொள்ளலாம் என்றும், கொடிக்குப் பெயர் இல்லை என்றும் எழுதினேன். தபாலாபீஸ் லீவு. தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.